ரோசியை அவிழ்க்காதே

மகனே,

இதைப் பிரித்ததும் எழுந்து போய் ரோசியைக் கூடத்துக்குள் கொண்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போடு. வாசல் கதவு மட்டும் போதாது, பின்கதவையும் போடு. போட்டாயா? இனி உட்கார்ந்து நிதானமாகப் படி. நீளமான கடிதம்தான். உன் அப்பா அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் நாலு வரிக்கு மேல் எதையும் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கார்டு காலை பத்து மணிக்கு வந்தது. கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை போட்ட முதல் கார்டு என்று உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான்தான் உரக்கப் படித்தேன். "ரோசிக்கு ஒன்பது நாளாக இருந்த ரத்தப்போக்கு நேற்றோடு நின்றுவிட்டது. ஞாயிறன்று குளிப்பாட்டி அவிழ்த்து விடலாம் என்றிருக்கிறேன். பாவம், கட்டிக் கிடந்து அலுத்துப்போய்விட்டாள். இவளும் இரண்டு நாளாகப் பின்பக்க வராந்தாவில்தான் இருக்கிறாள். ஒருவருக்கொருவர் துணை. சமையல் என் கையால். கவலை வேண்டாம்." கவலை வேண்டாமாம்! படித்து முடித்ததும் நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஞாயிறு என்பது நாளைக்கு. நாளைக்கு நீ அவளை அவிழ்த்து விட்டால் அவள் செத்துப்போவாள். மிரட்டுவதற்காக எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து, குட்டி போட முடியாமல் செத்துப்போவாள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நானே பஸ் ஏறி வந்திருப்பேன். மாடிப்படியில் விழுந்து காலில் போட்டுக்கொண்ட மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன். வாசலில் தந்திக்காரனைப் பார்த்ததுமே உன் பெண்டாட்டி யாரோ போய்விட்டார்கள் என்று அழ ஆரம்பித்துவிடுவாள். அதுவும் போக, 'நாயை அவிழ்க்காதே' என்று எழுதிக் கொடுத்தால் செங்கல்பட்டு தந்தி ஆபீசில் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நல்லவேளை, இன்று சனிக்கிழமை. சதுரங்கப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாய் சரக்கு எடுக்கத் தன் டெம்போவில் இங்கே வந்திருக்கிறார். மூன்று மணிக்குத் திரும்புகிறார். உங்கள் கல்பாக்கம் குடியிருப்பைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். அவர் கையில் இது வந்து சேரும்.

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நான் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது உன் புது வீட்டுக்கு என்னென்னவோ எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் டிரம், கயிற்றுக்கட்டில், ரோசியின் தட்டு, அந்தக் கனமான சங்கிலி எல்லாம் கொடுத்தேன். இங்கே வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளையும் உன்னிடம் விட்டேன். பயிற்சிக்கு வரும் புது ஆளுக்கு ஒரு ஸ்டோர் ரூமை ஒப்படைத்தால்கூட இரண்டு நாள் கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை ரோசியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. காரணம் வெறும் கூச்சம். புதிதாகக் கல்யாணமான பிள்ளையிடம், மருமகள் காதில் விழும்படி, ரத்தம், தீட்டு என்றெல்லாம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டேன். வெட்கங்கெட்ட கூச்சம். அது ஒரு உயிரை வாங்கப் பார்க்கிறது. இனிக் கூச்சப்பட மாட்டேன்.

ரோசிக்கு முதல் தடவை வந்தபோது நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. மகாபலிபுரம் மணலிலிருந்து நீ தூக்கி வந்த குட்டி, திமிங்கிலம் மாதிரி தின்று வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் கூடத்துத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். கண்ணாடி குத்திவிட்டது என்று நினைத்து அவளுடைய நாலு காலையும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், மஞ்சள் பொடியோடு நிற்கிறேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, காயமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க பொண்ணு பெரியவளாயிட்டா" என்றாள். எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. நாய்க்கு இப்படி வரும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

உடனே நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு, அத்தைகளுக்கு, அப்புறம் உன் அம்மாவுக்கு என்ன வழக்கமோ அதையே செய்தேன். ரோசியைப் பின்பக்க வராந்தாவில், விறகு அடுக்கி வைத்திருந்த மூலையில், தனிச் சாக்கு, தனித் தட்டோடு கட்டினேன். மூன்றாம் நாள் உன் அம்மாவும் தன் பாயையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு அதே வராந்தாவுக்குப் போனாள். நீ கார்டில் எழுதியிருக்கிறாயே 'ஒருவருக்கொருவர் துணை' என்று, அதையே நானும் அன்றைக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏதோ பெரிய நகைச்சுவை போல நானே சிரித்தும் வைத்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. நாலாம் நாள் அவள் தலைக்குக் குளித்து உள்ளே வந்துவிட்டாள். ரோசிக்கு நிற்கவில்லை. ஒன்பதாம் நாள்தான் நின்றது.

நின்றதும் முடிந்தது என்று முடிவு கட்டினேன். ரத்தம் நின்றால் குளியல், குளித்தால் சுத்தம், சுத்தமானால் வெளியே வரலாம். மனுஷிக்கு அப்படித்தானே? நாய்க்கும் அதே கணக்கு என்று போட்டேன். உன் அம்மா தடுத்தாள். "பொறுங்க. ரத்தம்தான் நின்னிருக்கு. வீக்கம் அப்படியே இருக்கு. வேலியோரம் நேத்து நாலு நாய் நின்னுச்சு, இன்னிக்கு ஒம்போது நிக்குது. முடிஞ்சிருந்தா குறையணுமே, ஏன் கூடுது?" என்றாள். பார், ஒரு புத்தகமும் படிக்காமல் அவளுக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. "ஒனக்கு ஒரேயடியா பயம்" என்று அவளை அடக்கிவிட்டு, சீயக்காய் தேய்த்து ரோசியைக் குளிப்பாட்டினேன். நெற்றியில் பொட்டு வைக்காததுதான் குறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலியைக் கழற்றினேன்.

நன்றாகப் புரிந்துகொள். ரத்தம் கொட்டுகிற நாட்களில் ஆண் நாய் கிட்டே வந்தால் அவளே கடித்து விரட்டிவிடுவாள். ரத்தம் குறைந்து, வெளுத்து, நின்றுபோகும்போதுதான் அவள் உடம்பு சினைக்குத் தயாராகிறது. அப்போது விரட்ட மாட்டாள், வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். பத்தாம் நாளிலிருந்து அடுத்த பத்து நாள்தான் உண்மையான ஆபத்து. நீ குளிப்பாட்டப் போகிற அந்த நாளில்தான் ஆபத்தே ஆரம்பம். இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒருத்தியின் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

சங்கிலியைக் கழற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு பெரிய செவலை நாயோடு மாட்டிக்கொண்டு நின்றாள். கல்லை எறிந்தேன், மணலை வாரி இறைத்தேன், ஓடிப்போய் இழுத்தேன். இழுக்கவே கூடாதாம், உள்ளே கிழிந்துவிடுமாம். அது அப்புறம்தான் தெரிந்தது. அவள் அலறினாள். அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரி தன் மனைவி, குழந்தைகளோடு காற்று வாங்க வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார். மேலதிகாரி என்னைப் பார்த்து, "யாரு நாய் இது? உங்களுடையதா?" என்று கேட்டார்.

நான் கையிலிருந்த சங்கிலியைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். "தெரியலை சார். குப்பத்து நாயா இருக்கும்" என்றேன்.

என் குரல் கேட்டதும் ரோசி காதை நிமிர்த்தி என் பக்கம் திரும்பினாள். நான் அவரோடு பேசிக்கொண்டே, மறுநாள் வரவேண்டிய சரக்கைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டே, குடியிருப்புப் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளாகவே நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்மேல் ஒரு கோபமும் இல்லாமல் காலடியில் வந்து படுத்தாள். உன் அம்மாவிடம் "கொக்கி சரியில்ல, நழுவிடுச்சு" என்று சொன்னேன். அவள் அதை நம்பி, தலையில் அடித்துக்கொண்டு, மறுநாளே காதர் பாய் கடைக்குப் போய்க் கனமான சங்கிலி ஒன்று வாங்கி வந்தாள். உன் வீட்டில் இப்போது இருப்பது அந்தச் சங்கிலிதான். அதற்கு முன் அவள் வாங்கிக் கொடுத்திருந்த பழைய சங்கிலியிலும் எந்தக் காலத்திலும் ஒரு கோளாறும் கிடையாது.

அறுபத்திரண்டாம் நாள் ரோசிக்கு வலி எடுத்தது. காலையில் எடுத்த வலி மறுநாள் காலைவரை நிற்கவில்லை. அவளும் குட்டி, வயிற்றிலும் குட்டி. செவலை நாயின் பெரிய தலை, இவளுடைய சின்ன இடுப்பு. உன் அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். காதர் பாயிடம் ஓடினேன். கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "இன்னா சார் நீ, இத்த நேத்தே சொல்ல வாணாமா? வாயில்லா ஜீவன் துடிச்சிகினு கீது, நீ இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு இருந்தே?" என்று சத்தம் போட்டார். அவர்கள் மார்க்கத்தில் நாயைத் தொடுவதில் ஆயிரம் யோசனை உண்டு. இருந்தும் டெம்போவில் பழைய சாக்கை விரித்து அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். "வண்டிய கழுவிக்கலாம், கைய கழுவிக்கலாம், ஏறு சார்" என்றார்.

செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் அரை நாள் போராடினார். மூன்று குட்டி செத்து வந்தன. நாலாவது வந்து இரண்டு மூச்சு விட்டு அடங்கியது. ரோசி எப்படியோ தங்கினாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உள்ள ரொம்பக் கிழிஞ்சிருக்கு. இன்னொரு தரம் சினை பிடிச்சா தாயும் இல்ல, குட்டியும் இல்ல." கர்ப்பப்பையை எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். மெட்ராஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், இவள் இருக்கும் நிலையில் மேசையிலேயே போனாலும் போய்விடுவாள் என்றார். "ஆயுசு பூரா காவல் காக்கணும். உங்களால முடியுமா?" என்றார். முடியும் என்றேன். அன்றிலிருந்து எட்டு தடவை வந்திருக்கிறது. எட்டு தடவையும் காவல் காத்திருக்கிறேன். ஒன்பதாவது உன் முறை.

இனி நான் சொல்வதை அப்படியே செய். முதல் சொட்டு விழுந்த நாளைக் காலண்டரில் வட்டம் போடு. அங்கிருந்து இருபத்தொரு நாள், அதற்கு மேல் ஒரு வாரம் என் திருப்திக்கு. பின்பக்க வராந்தாவில் கட்டாதே. அந்தச் சுவர் இடுப்பளவுதான், கிழட்டு நாய்கூடத் தாண்டும். கூடத்தில் வை. வெளியே கூட்டிப்போக உச்சி வெயில்தான் நல்ல நேரம், தெரு நாயெல்லாம் நிழலில் சுருண்டு கிடக்கும். வாசற்படியிலிருந்து தெருமுனைவரை அவளைத் தூக்கிக்கொண்டு போ. கனம்தான், இருந்தாலும் தூக்கு. அவள் நடந்தால் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஊர் நாய் முழுக்க உன் வாசலுக்கு வந்து நிற்கும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். திரும்பி வந்ததும் படியில் ஃபினாயில் ஊற்றிக் கழுவு. என் பழைய வேட்டியைக் கிழித்து, வாலுக்கு ஒரு ஓட்டை போட்டு உன் அம்மா தைத்த துணி நாலு இருக்கிறது, டிரங்குப் பெட்டியில் பார். தரை அழுக்காகாமல் இருக்க மட்டும்தான் அது. அது இருக்கிறதே என்று வெளியே விட்டுவிடாதே. அவள் ராகம் போடுவாள், சோற்றைத் தள்ளுவாள், கதவைப் பிராண்டுவாள், உன்னைப் பார்த்து ஊளையிடுவாள். அடிக்காதே. மனசு இளகிக் கதவையும் திறக்காதே. இரண்டு மாதம் கழித்து உன் செருப்பைக் கவ்விக்கொண்டு போய் மூலையில் வைத்து நக்குவாள், குட்டி என்று நினைத்துக்கொண்டு. பிடுங்காதே. ஒரு பத்து நாள் வேறு செருப்பு போட்டுக்கொள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அந்தப் பிரசவத்துக்கு அப்புறம் வந்த முதல் தடவை, ரோசியைக் கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக் காத்தேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே. அந்த வாரத்திலேயே உன் அம்மாவுக்கும் மூன்று நாள் வந்தது. அவள் வழக்கம்போலப் பாயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். மழைக்காலம், சாரல் அடிக்கிறது. நான் கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டை வைத்தேன். அவள் தட்டைத் தொடாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். ரோசி என் காலடியில் போர்வை மேல் படுத்திருக்கிறாள். "நாய் உள்ள இருக்கு. நான் வெளிய இருக்கேன். நல்லா இருக்குங்க ஒங்க நியாயம்" என்றாள். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "அவ உயிருக்கு ஆபத்து, அதனால உள்ள வெச்சிருக்கேன். ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கத்தினேன். அவள் பாயைச் சுருட்டினாள், சொம்பை எடுத்தாள், நேராக உள்ளே வந்து ரோசிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். வானம் இடிந்து விழவில்லை. என் பொறுப்பிலிருந்த ஸ்டோரில் ஒரு நட்டுகூடக் குறையவில்லை. அதற்கப்புறம் அவள் வராந்தாவுக்குப் போனதே இல்லை. நீ லீவில் வந்தபோது உன்னிடம் இதைச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் சின்ன வயதில் நீ எங்களிடம் பார்த்ததையே இன்று உன் பெண்டாட்டிக்கும் செய்கிறாய். அந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள், புதுசு. ரோசியை உள்ளே கொண்டு வரும்போது அவளையும் கூப்பிடு. 'அப்பா சொன்னார்' என்று சொல்லாதே. நீயாகவே கூப்பிடு.

மணி இரண்டரை ஆகிறது. கீழே காதர் பாய் வந்துவிட்டார், ஹாரன் கேட்கிறது. கடிதத்தை மடிக்கலாம் என்று பார்த்தால், உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு பையோடு எதிரே நிற்கிறாள். எங்கே என்று கேட்டேன். "கல்பாக்கத்துக்கு" என்றாள். கடிதம்தான் போகிறதே என்றேன். "லெட்டர் கதவ சாத்துமா? அவன் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணும்? ரெண்டு பேரையும் நான் போய்ப் பாத்துக்கறேன். பதினஞ்சு நாள் கழிச்சு வரேன்" என்கிறாள். எனக்கு யார் சோறு போடுவது என்று கேட்டேன். "ஸ்டூல் போட்டு உக்காந்து நீங்களே வடிங்க. மாசாமாசம் மூணு நாள் வடிச்ச கைதானே" என்கிறாள். இவளை நிறுத்த என்னால் முடியாது. நிறுத்தவும் மாட்டேன்.

ஆக, இந்தக் கடிதம் இப்போது அவள் கையில்தான் வரப்போகிறது. கடற்கரையில் நான் சொன்ன பொய் அந்த நடுப்பக்கத்தில் இருக்கிறது. கொக்கி நழுவியது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள், தான் வாங்கிக் கொடுத்த பழைய சங்கிலி சரியில்லாமல்தான் அத்தனையும் நடந்தது என்று. நாலு குட்டியையும் புதைத்த அன்று, "என்னாலதாங்க" என்று அவள் சொன்னபோது நான் பேசாமல் நின்றேன். இப்போது அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை போனது. எடுக்கவில்லை.

இங்கிருந்து உன் வீட்டுக்கு டெம்போவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவளால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கையில் எழுத்து இருந்தால் எடுத்துப் படித்துவிடுவாள். கவரை நான் ஒட்டவில்லை.

அப்பா